வட்டியில்லாமல் முதல் வீடு: வங்கி செய்யும் சோதனையை நாமே செய்ய வேண்டும்

சொந்த வீடு என்பது நம் குடும்பங்களில் ஒரு தலைமுறையின் உழைப்பு. வளைகுடாவில் பதினைந்து, இருபது வருடம் உழைத்துச் சேர்த்த காசு, மனைவியின் நகை, மாமனார் கொடுத்த கைமாற்று எல்லாம் சேர்ந்துதான் ஒரு மனையாகவோ வீடாகவோ மாறுகிறது. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களில் பெண்பிள்ளைக்கு வீடு கொடுத்துத்தான் கல்யாணம் என்ற வழக்கம் இருப்பதால், "முதல் வீடு" என்பது பல வாப்பாமார்களுக்குத் தனக்கான வீடாக இல்லாமல் மகளுக்கான வீடாகவே இருக்கிறது. அவசரமும் அதனால் கூடுகிறது.

வட்டியை விட்டு விலக வேண்டும் என்ற பேணுதலோடு ரொக்கமாகவோ கைமாற்றாகவோ பணம் திரட்டி வீடு வாங்கும் குடும்பங்கள் நம்மில் நிறைய. அல்ஹம்துலில்லாஹ், அது நல்ல முடிவு. ஆனால் அதில் ஒரு ஆபத்து மறைந்திருக்கிறது. வங்கியில் வீட்டுக்கடன் கேட்டால், பணத்தைக் கொடுக்கும் முன் வங்கி தன் வக்கீலை வைத்து மூலப்பத்திரம் முதல் எல்லா ஆவணங்களையும் பார்க்கிறது. மதிப்பீட்டாளரை அனுப்பி இடத்தைப் பார்க்கிறது. அங்கீகாரம் இல்லாத மனை என்றால் கடன் தராது. வங்கி இதைத் தன் பணத்தைக் காக்கத்தான் செய்கிறது. ஆனால் வாங்குபவருக்கும் அது ஒரு பாதுகாப்பாக அமைந்துவிடுகிறது. கடனில்லாமல் வாங்கும் நமக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. "நம்ம ஜமாஅத் ஆளு", "சொந்தக்காரர்தான்" என்ற நம்பிக்கை மட்டும்தான் இருக்கிறது.

எனவே வட்டியைத் தவிர்ப்பவர் இரண்டு வேலைகளைச் செய்தாக வேண்டும். பணத்தை மார்க்கத்துக்கு உட்பட்ட வழியில் திரட்ட வேண்டும். வங்கி செய்யும் ஆவணச் சோதனையைத் தானே செய்ய வேண்டும். இந்தக் கட்டுரையில் தமிழ்நாட்டில் வீடு வாங்குவோருக்காக இரண்டையும் வரிசையாகப் பார்ப்போம்.

இந்தியாவில் இஸ்லாமிய வங்கி உண்டா?

இல்லை. 1949ஆம் ஆண்டு வங்கி ஒழுங்குமுறைச் சட்டப்படி, வங்கிகள் பொருளை வாங்கி விற்கும் வியாபாரம் செய்யக் கூடாது. ஆனால் இஸ்லாமிய வீட்டு நிதியின் அடிப்படையே வங்கி வீட்டை வாங்கி நமக்கு விற்பது, அல்லது நம்மோடு கூட்டாக வாங்கி வாடகைக்கு விடுவது. 2008-இல் ரகுராம் ராஜன் தலைமையிலான குழு வட்டியில்லா வங்கிச் சேவைக்கு வழிசெய்யப் பரிந்துரைத்தது. ஆனாலும் இஸ்லாமிய வங்கி முறையைத் தொடர்வதில்லை என்று முடிவெடுத்துவிட்டதாக ரிசர்வ் வங்கி 2017-இல் தெரிவித்தது.

மலேசியாவில் 1983 முதல் இஸ்லாமிய வங்கி இயங்குகிறது. இலங்கையிலும் 2005-இல் வங்கிச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு அதற்கு வழி திறந்தது. அங்கே வாழும் நம் சகோதரர்களுக்கு இருக்கும் அந்த வசதி இங்கே நமக்கு இல்லை.

வட்டிக் கடனின் கணக்கையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. 30 லட்சம் ரூபாயை 8.5% வட்டியில் 20 வருடத்துக்கு வாங்கினால், மாதத் தவணை சுமார் 26,000 ரூபாய். கடைசியில் மொத்தம் கட்டியிருப்பது ஏறக்குறைய 62.5 லட்சம். வாங்கிய தொகையைவிட வட்டியாகக் கட்டுவது அதிகம்.

ஏற்கெனவே வீட்டுக்கடனில் இருப்பவர்களுக்கு ஒரு தகவல். தனிநபர்கள் வாங்கிய மாறும் வட்டி வீட்டுக்கடனை முன்கூட்டியே அடைத்தால் வங்கி அபராதம் விதிக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012-இலேயே உத்தரவிட்டிருக்கிறது. கையில் பணம் வரும்போதெல்லாம் அசலைக் குறைத்து விரைவில் வெளியேற இது உதவும். நிர்ப்பந்தம் காரணமாக வட்டிக் கடன் எடுக்கலாமா என்பதில் 1999-இல் ஐரோப்பிய ஃபத்வா மன்றம், மேற்கு நாடுகளில் வாழும் முஸ்லிம்களின் முதல் வீட்டுக்கு நிபந்தனையோடு சலுகை கொடுத்தது. அதை ஏற்காத அறிஞர்கள் பலர். அந்த ஃபத்வாவை அப்படியே இங்கே பொருத்திக்கொள்ளாமல், உங்கள் நிலையை நம்பிக்கையான ஆலிமிடம் சொல்லிக் கேளுங்கள்.

பணம் திரட்டும் வழிகள்

*சேமிப்பு.* முதல் வழியும் சிறந்த வழியும் இதுதான். வீட்டுக்காகச் சேர்க்கும் பணத்துக்கு ஜகாத் உண்டா என்று பலர் கேட்கிறார்கள். நிஸாபை அடைந்து ஒரு ஹிஜ்ரி வருடம் கடந்தால் 2.5% கொடுக்க வேண்டும், அது வீட்டுக்காகச் சேர்த்ததாக இருந்தாலும் சரி என்பதே பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. 10 லட்சம் சேர்ந்திருந்தால் 25,000 ரூபாய். இதை ஒவ்வொரு வருடமும் கணக்கில் வைத்தே திட்டமிடுங்கள்.

*நகை.* நகையை அடகு வைத்தால் வட்டி வந்துவிடும். தேவையென்றால் விற்றுவிடுவதே நேரான வழி. ஆனால் மஹராகக் கொடுத்த நகையும் மனைவிக்கு அவர் வீட்டார் போட்ட நகையும் மனைவியின் சொத்து. அவர் மனமுவந்து கொடுத்தால் மட்டுமே எடுக்கலாம். கொடுப்பது அன்பளிப்பா, கடனா, அல்லது வீட்டில் பங்கா என்பதை அப்போதே பேசி எழுதிவிடுங்கள். எழுதாமல் விட்டால் தலாக், குலா, மரணம் என்று வரும்போது அதுவே வழக்காகிறது.

*கர்ழன் ஹஸனா.* உறவினரிடமும் நண்பரிடமும் வாங்கும் வட்டியில்லா கைமாற்று. இதில் நாம் செய்யும் பெரிய தவறு எழுதாமல் விடுவது. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி சாட்சி வைக்கச் சொல்லும் வசனம்தான் (2:282) குர்ஆனிலேயே மிக நீளமான வசனம். அண்ணன் தம்பிக்குள் எழுதுவது நம்பிக்கைக் குறைவு என்று நினைக்க வேண்டாம். தொகை, தேதி, திருப்பும் காலம், இரண்டு சாட்சிகள் ஆகியவை இருக்கட்டும். கடன் கொடுத்தவரோ வாங்கியவரோ இறந்துவிட்டால், வாரிசுகளுக்கு அந்தத் தாள்தான் துணை. ஏனெனில் சொத்தைப் பங்கு வைக்கும் முன் மையித்தின் கடனை அடைத்தாக வேண்டும். சட்டப்படியும், கடனை வசூலிக்க வழக்குப் போடும் காலம் பொதுவாக மூன்று வருடம்தான். காலம் நீளும் என்றால் மூன்று வருடம் முடியும் முன் கடனை ஒப்புக்கொண்டு மீண்டும் எழுதிக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. வருமான வரிச் சட்டப்படி 20,000 ரூபாயோ அதற்கு மேலோ கடனை ரொக்கமாக வாங்கக் கூடாது. திருப்பிக் கொடுப்பதும் ரொக்கமாக இருக்கக் கூடாது. வீடு, மனை வாங்க விற்கக் கொடுக்கும் முன்பணத்துக்கும் இதே விதி. மீறினால் அந்தத் தொகை அளவுக்கே அபராதம் வரலாம். உடன்பிறந்தவர் கொடுத்தாலும் காசோலையாகவோ வங்கிப் பரிமாற்றமாகவோ இருக்கட்டும்.

*விற்பவரிடமே தவணை.* வீட்டை விற்பவர் அவசரத் தேவையில் இல்லையென்றால், விலையை இரண்டு மூன்று வருடத் தவணையாகப் பெற்றுக்கொள்ளச் சம்மதிப்பதுண்டு. உடனே கொடுத்தால் ஒரு விலை, தவணைக்குச் சற்றுக் கூடுதல் விலை என்று பேசி, அதில் ஒன்றை ஒப்பந்த நேரத்திலேயே முடிவு செய்துவிட்டால் பெரும்பாலான அறிஞர்கள் அதை வியாபாரமாக ஏற்கிறார்கள். தவணை தாமதமானால் கூடுதல் தொகை என்ற நிபந்தனை வந்தால் அது வட்டியாகிவிடும். அதை ஒப்பந்தத்தில் சேர்க்க விடாதீர்கள். தவணை முடியும் முன்பே கிரயம் செய்து கொடுத்தால், மீதித் தொகைக்கு அந்தச் சொத்தின் மீது விற்பவருக்குச் சட்டப்படி உரிமை இருக்கிறது. அதனால் அவருக்கும் இது பாதுகாப்பான வழிதான்.

*கூட்டாக வாங்கிப் பங்கைக் குறைப்பது.* இஸ்லாமிய வங்கிகள் செய்யும் குறைந்துவரும் கூட்டு முறையை ஒரு குடும்பமே செய்துகொள்ளலாம். ஒரு உதாரணம்: வீட்டின் விலை 40 லட்சம். உங்களிடம் 24 லட்சம் இருக்கிறது. அண்ணன் 16 லட்சம் போடுகிறார். வீட்டில் உங்களுக்கு 60%, அண்ணனுக்கு 40%. அந்த வீட்டுக்கு ஊரில் மாத வாடகை 10,000 ரூபாய் என்றால், அண்ணன் பங்குக்கு 4,000 ரூபாய் வாடகை கொடுத்து நீங்கள் குடியிருக்கிறீர்கள். வருடத்துக்கு 10% பங்கை அவரிடமிருந்து வாங்குகிறீர்கள். இரண்டாம் வருடம் வாடகை 3,000, அடுத்து 2,000, பிறகு 1,000. நான்கு வருடத்தில் வீடு முழுக்க உங்களுடையது. வாடகையாகக் கொடுத்தது மொத்தம் 1,20,000 ரூபாய். அண்ணனின் பணமும் சும்மா கிடக்கவில்லை, உங்களுக்கும் வட்டி இல்லை.

இது வட்டிக்கு வேறு பெயராக மாறாமல் இருக்க, அண்ணன் உண்மையிலேயே பங்குதாரராக இருக்க வேண்டும். வீட்டுக்குப் பெரிய சேதம் வந்தால் அவர் பங்கு அளவுக்கு அவரும் ஏற்க வேண்டும். பங்கை வாங்கும்போது விலையை எப்படி முடிவு செய்வது என்பதை ஆலிமிடம் கேட்டு முதலிலேயே எழுதுங்கள். கிரயப் பத்திரத்தில் இருவர் பெயரும் வரட்டும். பிறகு அண்ணன் தன் பங்கை விடுதலைப் பத்திரம் மூலம் மாற்றித் தரலாம். சட்டம் குடும்ப உறுப்பினர் என்று ஏற்கும் உறவுகளுக்குள் அதற்குக் கட்டணம் குறைவு. மற்றவர்களுக்குக் கூடும்.

*சீட்டு.* எல்லோரும் ஒரே தொகை கட்டி, குலுக்கலில் வந்தவர் முழுத் தொகையையும் எடுக்கும் குலுக்கல் சீட்டில் யாருக்கும் லாபமோ நட்டமோ இல்லை. ஏலச்சீட்டு அப்படியில்லை. அவசரத்தில் இருப்பவர் தள்ளு விட்டுக் குறைவாக எடுக்கிறார், காத்திருப்பவர் கூடுதலாகப் பெறுகிறார். இதில் வட்டி கலந்திருப்பதாகவே ஆலிம்கள் சொல்கிறார்கள்.

*ஒத்தி.* வீடு வாங்கப் பணம் சேரும் வரை ஒத்திக்குப் போகலாம் என்று பலர் நினைக்கிறார்கள். ஐந்து லட்சம் கொடுத்து, வாடகையில்லாமல் மூன்று வருடம் குடியிருந்து, போகும்போது ஐந்து லட்சத்தையும் முழுதாகத் திரும்ப வாங்குவதுதான் ஒத்தி. அந்தப் பணம் வீட்டுக்காரருக்குக் கொடுத்த கடன். கடனுக்காக இலவசமாகக் குடியிருப்பது கடனால் கிடைக்கும் ஆதாயம். அதனால்தான் ஆலிம்கள் இதைத் தடுக்கிறார்கள். மாதாமாதம் ஊர் நிலவரப்படி வாடகையைக் கழித்துக்கொண்டு மீதியைத் திரும்பப் பெறுவதாகப் பேசினால் அது முன்கூட்டிக் கொடுத்த வாடகையாகிவிடும்.

*அரசு உதவி.* மத்திய அரசின் நகர்ப்புற வீட்டுத் திட்டத்தில், சொந்த மனை வைத்திருக்கும் குறைந்த வருமானக் குடும்பம் தானே வீடு கட்டிக்கொள்ள நிதியுதவி தரும் பிரிவு இருக்கிறது. அது கடன் இல்லை, மானியம். அதே திட்டத்தில் வட்டி மானியம் தரும் பிரிவும் உண்டு. அது வங்கிக் கடனோடு சேர்ந்தது. விண்ணப்பிக்கும்போது எந்தப் பிரிவு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

*தவிர்க்க வேண்டியது.* சேர்த்த பணத்தைச் சீக்கிரம் பெருக்கலாம் என்று "ஹலால் முதலீடு" என்ற பெயரில் மாதாமாதம் லாபம் தருவதாகச் சொல்பவர்களிடம் போடாதீர்கள். 2019-இல் பெங்களூரில் அப்படி ஒரு நிறுவனம் கவிழ்ந்தபோது ஆயிரக்கணக்கான முஸ்லிம் குடும்பங்களின் வீட்டுப் பணமும் கல்யாணப் பணமும் போனது. என்ன வியாபாரம், எங்கே நடக்கிறது, நட்டம் வந்தால் யார் பொறுப்பு என்ற மூன்று கேள்விக்கும் பதில் இல்லாத இடத்தில் பணத்தைக் கொடுக்கக் கூடாது.

ஆவணச் சோதனை: முன்பணத்துக்கு முன்னால்

பத்திரப் பதிவு அலுவலகம் பத்திரத்தைப் பதிகிறது. விற்பவர்தான் உண்மையான உரிமையாளர் என்று அது உத்தரவாதம் தருவதில்லை. பட்டாவும் வருவாய்த்துறைப் பதிவுதான். பட்டா மட்டும் வைத்துக்கொண்டு உரிமையை நிரூபிக்க முடியாது. எல்லா ஆவணங்களையும் ஒன்றோடொன்று சேர்த்துப் பார்த்தால்தான் படம் தெளிவாகும். முன்பணம் கொடுக்கும் முன் பார்க்க வேண்டியவை:

1. *மூலப்பத்திரத் தொடர்ச்சி.* தாய்ப்பத்திரம் முதல் இன்று வரை ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் பத்திரம் இருக்க வேண்டும். நகல் போதாது, அசலைக் கேளுங்கள். அசல் எங்கோ அடமானத்தில் இருக்கலாம். "தொலைந்துவிட்டது" என்றால் காவல்துறையில் புகார் கொடுத்துப் பெற்ற சான்று வேண்டும்.

2. *வில்லங்கச் சான்று.* குறைந்தது 30 வருடத்துக்குப் பாருங்கள். பதிவுத்துறையின் இணையதளத்திலேயே பார்க்கலாம். கிரயம், அடமானம், பதிவான ஒப்பந்தம், விடுதலை எல்லாம் அதில் வரும். பதியாத எதுவும் அதில் வராது என்பதை மறக்காதீர்கள்.

3. *பட்டா, சிட்டா, அ-பதிவேடு.* நகரமென்றால் நகர நில அளவைப் பதிவேடு. பெயர், சர்வே எண், பரப்பு ஆகியவை பத்திரத்தோடு ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள்.

4. *அளவு.* சர்வேயரை வைத்து இடத்தை அளந்து, நான்கு எல்லையையும் பத்திரத்தோடு ஒப்பிடுங்கள். பழைய ஊர்களில் பொதுச்சுவர், கிணறு, காயல்பட்டினத்தில் முடுக்கு என்று சொல்லும் சந்துவழி ஆகியவற்றின் பாத்தியதை பத்திரத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

5. *அங்கீகாரம்.* சென்னைப் பெருநகரப் பகுதியில் சி.எம்.டி.ஏ., மற்ற இடங்களில் டி.டி.சி.பி. அங்கீகாரம். 2016 அக்டோபர் 20-க்கு முன் விற்கப்பட்ட அங்கீகாரமில்லாத மனைகளை வரன்முறைப்படுத்த 2017-இல் விதிகள் வந்தன. அப்படிப்பட்ட மனை என்றால் வரன்முறை ஆணையைக் கேளுங்கள். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்திலோ எட்டுக்கு மேற்பட்ட வீடுகளாகவோ அமையும் திட்டம் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவாகியிருக்க வேண்டும். பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் கட்டுநர் விலையில் 10%-க்கு மேல் வாங்கக் கூடாது.

6. *வக்ஃபு நிலமா?* வக்ஃபுச் சொத்தை விற்பது செல்லாது. பள்ளிவாசல், தர்கா, மதரஸாவை ஒட்டிய பழைய மனைகளில் இதைக் கட்டாயம் பாருங்கள். அல்லாஹ்வுக்காக ஒருவர் விட்டுச்சென்ற நிலத்தில் நாம் குடியேறிவிடக் கூடாது என்ற பயமும் நமக்கு இருக்க வேண்டும். பணம் போவது அதற்குப் பிறகுதான்.

7. *அதிகாரப் பத்திரம்.* பவர் வைத்திருப்பவர் விற்றால், கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா, பவரை ரத்து செய்துவிட்டாரா என்று பாருங்கள். கொடுத்தவர் இறந்தால் பொதுவாகப் பவரும் முடிந்தது. பவரையும் பதியாத ஒப்பந்தத்தையும் வாங்கிக்கொண்டு "வீடு நமதாகிவிட்டது" என்று இருந்துவிட முடியாது. அதனால் உரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011-இலேயே சொல்லிவிட்டது.

எல்லாவற்றையும் நீங்களே பார்த்த பிறகும், சொத்து வழக்குகளில் அனுபவமுள்ள ஒரு வக்கீலிடம் எழுத்தில் லீகல் ஒப்பீனியன் வாங்குங்கள். விற்பவரோ புரோக்கரோ காட்டும் வக்கீலாக அவர் இருக்க வேண்டாம். வீட்டு விலையோடு பார்த்தால் அந்தக் கட்டணம் மிகச் சிறியது.

விற்பவர் முஸ்லிம் குடும்பமென்றால் கூடுதலாக

நம் சமுதாயத்துக்குள்ளேயே வாங்கும்போது மூன்று இடங்களில் அதிகம் சறுக்குகிறோம்.

முதலாவது, *சகோதரிகளின் பங்கு.* வாப்பா இறந்த பிறகு ஆண்மக்கள் மட்டும் கையெழுத்திட்டு விற்பது இன்னும் நடக்கிறது. ஒருவர் மனைவி, இரண்டு மகன்கள், ஒரு மகள் ஆகியோரை மட்டும் விட்டுவிட்டு இறந்தால், சொத்தை 40 பங்காக்கினால் மனைவிக்கு 5, மகன்களுக்கு 14 வீதம் 28, மகளுக்கு 7. மகன்கள் மட்டும் எழுதிக் கொடுத்தால் நீங்கள் வாங்கியது 28 பங்கைத்தான். மீதி 12 பங்கு உம்மாவுக்கும் மகளுக்கும் உரியது. பணம் முழுதும் கொடுத்தும் வீடு முழுதும் உங்களுடையதாகாது. வாரிசுச் சான்றைப் பார்த்து, அதிலுள்ள அத்தனை பேரும் கையெழுத்திட வேண்டும். சகோதரி தன் பங்கைப் பெற்றுக்கொண்டாரா என்று கேட்பதும் நம் கடமைதான். ஒரு பெண்ணின் ஹக்கை மறைத்து வாங்கிய வீட்டில் பரக்கத் எப்படி வரும்?

இரண்டாவது, *சிறுவர்களின் பங்கு.* வாரிசுகளில் 18 வயதுக்குட்பட்டவர் இருந்தால், அவர் பங்கை உம்மா கையெழுத்திட்டு விற்க முடியாது. இந்தியாவில் பின்பற்றப்படும் முஸ்லிம் சட்டப்படி, பிள்ளையின் சொத்துக்குப் பொறுப்பாளர் தந்தை, அவர் உயில் மூலம் நியமித்தவர், தந்தைவழிப் பாட்டனார் ஆகியோர். தாய் வளர்ப்புக்கு உரியவர், ஆனால் சொத்தை விற்கும் அதிகாரம் தானாக அவருக்கு வராது. 1918-இலேயே பிரிவி கவுன்சில் இதைத் தீர்ப்பாகச் சொன்னது. இத்தகைய சொத்துக்கு நீதிமன்ற அனுமதி பெற்ற பிறகே வாங்க வேண்டும். எத்தீமின் சொத்து விஷயம் என்பதால் இரட்டிப்பு எச்சரிக்கை தேவை.

மூன்றாவது, *வாய்மொழி ஹிபா.* கொடுப்பவர் சொல்ல, பெறுபவர் ஏற்க, இடத்தை ஒப்படைத்தால் முஸ்லிம் சட்டப்படி ஹிபா நிறைவேறிவிடும். பதிவு கட்டாயமில்லை. ஆனால் அது வில்லங்கச் சான்றில் தெரியாது. "வாப்பா எனக்குக் கொடுத்துவிட்டார்" என்று ஒருவர் விற்றால், மற்ற வாரிசுகளும் அதை ஒப்புக்கொண்டு கையெழுத்திடட்டும். அதேபோல, வாப்பா பெயரிலிருக்கும் வீட்டை ஏற்கெனவே மகளுக்கு ஹிபா கொடுத்து அவர் குடியிருக்கலாம். எனவே வீட்டில் இப்போது யார் இருக்கிறார், எந்த உரிமையில் இருக்கிறார் என்று நேரில் போய்க் கேளுங்கள்.

ஒப்பந்தமும் பதிவும்

விலை பேசி முடிந்ததும் கிரய ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்யுங்கள். தமிழ்நாட்டில் 2012-இல் கொண்டுவந்த திருத்தப்படி கிரய ஒப்பந்தத்தைப் பதிய வேண்டும். அதில் விலை, முன்பணம், மீதி கொடுக்கும் தேதி, ஆவணத்தில் குறை தெரிந்தால் முன்பணம் திரும்பும் என்ற நிபந்தனை ஆகியவை தெளிவாக இருக்கட்டும்.

செலவைக் கணக்கிடாமல் விலை பேசிவிட்டுக் கடைசியில் வட்டிக்கு ஓடுபவர்கள் உண்டு. தமிழ்நாட்டில் கிரயத்துக்கு முத்திரைத்தீர்வை 7%, பதிவுக்கட்டணம் 2%, ஆக 9%. பத்திரத்தில் காட்டும் விலை, அரசின் வழிகாட்டி மதிப்பு இரண்டில் எது அதிகமோ அதன் மீது இது கணக்காகும். 30 லட்சத்துக்கு 2,70,000 ரூபாய். கட்டுநரிடமிருந்து புதிய அடுக்குமாடி வீட்டை முதல் முறையாக வாங்கினால், 2023 டிசம்பர் முதல் 50 லட்சம் வரை மொத்தம் 6%, அதற்கு மேல் 3 கோடி வரை 7%. 10 லட்சம் வரையான சொத்தைப் பெண் பெயரில் வாங்கினால் 2025 ஏப்ரல் முதல் பதிவுக்கட்டணத்தில் 1% சலுகை இருக்கிறது. கட்டி முடிக்காத வீட்டுக்கு ஜி.எஸ்.டி. 5%, குறைந்த விலை வீடு என்ற வரையறைக்குள் வந்தால் 1%. கட்டி முடித்த சான்று பெற்ற வீட்டுக்கு ஜி.எஸ்.டி. இல்லை. இந்த விகிதங்கள் மாறக்கூடியவை, பதிவுக்கு முன் ஒருமுறை சரிபாருங்கள்.

விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால், வாங்குபவரே 1% வரியைப் பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும். விற்பவர் வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் இந்த 1% பொருந்தாது. பிடிக்க வேண்டிய வரி மிக அதிகம். நம் ஊர்களில் விற்பவர் பாதிப்பேர் வெளிநாட்டில் இருப்பதால் இதை ஆடிட்டரிடம் கேட்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

பத்திரத்தில் விலையைக் குறைத்துக் காட்டி மீதியை ரொக்கமாகக் கொடுப்பது பழகிப்போன பழக்கம். அது பொய்ச்சாட்சி என்பது ஒருபக்கம். நாளை கிரயம் செல்லாது என்று ஆனால், பத்திரத்தில் இருக்கும் தொகையைத்தான் உங்களால் கேட்க முடியும் என்பது மறுபக்கம்.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு

இந்தியக் குடியுரிமையோடு வெளிநாட்டில் வசிப்பவர் வீடு, வீட்டுமனை வாங்கலாம். விவசாய நிலம், தோட்டம், பண்ணைவீடு வாங்க முடியாது. "இப்போது விவசாய நிலம், பிறகு மனையாக மாற்றிக்கொள்ளலாம்" என்ற பேச்சை நம்பாதீர்கள். பணம் வங்கி வழியாகவே வர வேண்டும். உண்டியலில் அனுப்பிய காசுக்குப் பின்னாளில் கணக்குக் காட்ட முடியாது.

ஊரிலுள்ளவருக்குப் பவர் கொடுப்பதென்றால், இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று, இந்தியாவுக்கு வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத்தீர்வை செலுத்த வேண்டும். "எல்லா அதிகாரமும்" என்று எழுதாமல், இந்தச் சொத்தை வாங்குவதற்கு மட்டும் என்று குறிப்பிட்டு எழுதுங்கள்.

யார் பெயரில் பதிவது?

யார் பணம் போட்டாரோ அவர் பெயர் பத்திரத்தில் இருக்கட்டும். வெளிநாட்டில் உழைக்கும் மகனின் பணத்தில் வாப்பா பெயரில் வீடு வாங்கினால், வாப்பாவின் மறைவுக்குப் பின் அது எல்லா வாரிசுகளுக்கும் போகும். உழைத்தவர் கேட்டால் சண்டை, கேட்காவிட்டால் மனக்கசப்பு. மகளுக்கென்று வாங்கினால் மகள் பெயரிலேயே வாங்குங்கள். மற்ற பிள்ளைகளுக்கு எப்படி நீதி செய்யப்போகிறோம் என்பதையும் அப்போதே குடும்பத்தோடு பேசிவிடுங்கள். பிள்ளைகளுக்கிடையே அன்பளிப்பில் நீதமாக நடக்கும்படி நபி (ஸல்) அவர்கள் வலியுறுத்தியிருக்கிறார்கள்.

பதிவு முடிந்ததும் வேலை முடியவில்லை. பட்டா, வீட்டு வரி, மின் இணைப்பு, குடிநீர் இணைப்பு எல்லாவற்றையும் பெயர் மாற்றுங்கள். புதிய வில்லங்கச் சான்று எடுத்து உங்கள் கிரயம் அதில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். அசல் பத்திரங்களை ஒரே உறையில் வைத்து, எங்கே இருக்கிறது என்பதை மனைவிக்கும் வளர்ந்த பிள்ளைக்கும் சொல்லி வையுங்கள். பாக்கியிருக்கும் கைமாற்றுகளின் பட்டியலும் அதே உறையில் இருக்கட்டும்.

வட்டியில்லாமல் வீடு வாங்கக் கூடுதல் காலம் ஆகலாம். வீடு இரண்டு அறை சிறியதாகவும் இருக்கலாம். இருபது வருட உழைப்பு ஒரு கையெழுத்துக் குறைவால் கோர்ட்டுக்குப் போகாமல் இருக்க, முன்பணம் கொடுக்கும் முன் ஒரு மாதம் ஆவணங்களோடு செலவிடுங்கள். வட்டியின் தீங்கிலிருந்தும் பிறர் ஹக்கைச் சேர்த்துக்கொள்ளும் பாவத்திலிருந்தும் நம் வீடுகளை அல்லாஹ் பாதுகாப்பானாக. வீடு தேடும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஹலாலான, பரக்கத்தான இல்லத்தை எளிதாக்கித் தருவானாக. ஆமீன்.